வெல்லத்துக்கு ஒரு நோட்டு

நான் எழுதும் மனுவில் 'கருணை கூர்ந்து' இருக்காது. 'தாழ்மையுடன்' இருக்காது. 'தங்கள் பொற்பாதம் பணிந்து' என்று எழுதித் தரச் சொல்லி யாராவது கேட்டால், பக்கத்து மேசைக்காரரைக் கைகாட்டி விடுவேன். அவர் நன்றாகப் பணிந்து கொடுப்பார்.

கள்ளக்குறிச்சியில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, புங்கமரத்தடியில் ஒரு மடக்கு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும்தான் என் அலுவலகம். இரண்டாவது நாற்காலி மனு எழுத வருகிறவர்களுக்கு. பாதிப்பேர் அதில் உட்கார மாட்டார்கள், நின்றுகொண்டே பேசுவார்கள். "ஒக்காந்தாத்தான் எழுதுவேன்" என்று சொல்லிப் பேனாவை மூடி வைத்துவிடுவேன். மணலூர்பேட்டைப் பக்கம் அடுத்தவர் தோட்டத்தில் கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. தோட்டத்துக்காரர் வீட்டு வாசலில் என் அப்பா நின்று நான் பார்த்திருக்கிறேன், உட்கார்ந்து பார்த்ததில்லை. அதனால் நாற்காலி விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி.

ஒரு திங்கட்கிழமை, மனு வாங்கும் நாள், கூட்டம் நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டாள். அதிலேயே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"எம் பேர அடிக்கணும்க்கா" என்றாள்.

"எதுலேர்ந்து?"

"வெல்ல நோட்டுலேர்ந்து."

மகளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை அதே மலையில் அடுத்த ஊர். பெண் வீட்டிலிருந்து அதிரசம் சுட்டுக் கொண்டுபோக வேண்டும். அதற்காகக் கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் பத்து கிலோ உருண்டை வெல்லம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். மலையடிவாரச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை. அவள் பையைப் பார்த்ததும் கீழே இறக்கிவிட்டார்கள். மலையில் சாராயம் காய்ச்ச வெல்லத்தைத்தான் ஊறல் போடுவார்கள் என்பது ஊரறிந்த பேச்சு. அதே வெல்லத்தில் கீழே இருப்பவர்கள் பொங்கல் வைக்கலாம். மலைக்காரி வாங்கினால் சாராயத்துக்கு.

"மேல மளிகைக் கட வெச்சிருக்காரு ஒருத்தரு, கீழ்நாட்டுக்காரரு. ரெண்டு மூட்ட வெல்லம் அதே பஸ்ஸுல அவரு காலடியில கெடந்துச்சு. அவர ஒண்ணும் கேக்கல. என்னத்தான் 'ஏய், எறங்கு'ன்னாங்க."

சாவடிப் பொறுப்பாளர் நீள நோட்டு ஒன்றை எடுத்து அவள் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் எழுதிக்கொண்டார். வெல்லத்தை ஓடையில் கொட்டச் சொன்னார். பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டே நாளில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. சாராய நோட்டில் பேர் ஏறிய வீட்டில் பெண் எடுக்க யோசனையாக இருக்கிறதாம். மாப்பிள்ளையின் அப்பா சொல்லி அனுப்பியிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெல்லத்துக்கும் சேர்த்து இழப்பீடு கேட்டு எழுதலாம் என்றேன். அவள் தலையாட்டினாள்.

"வெல்லம் போனாப் போவுது. பேர அடிச்சாப் போதும். எம் பொண்ணு கல்யாணம் அதுல தொங்கிக்கினு கீதுக்கா."

எழுதினேன். ஒரே பஸ், ஒரே வெல்லம், ஒருவருக்கு ஒரு நியாயம், இன்னொருவருக்கு வேறொன்று. பிறந்த இடத்தைப் பார்த்துக் குற்றவாளியாக்குவது பாகுபாடு. என் பெயரை அந்த நோட்டிலிருந்து நீக்குக. ஒரு பக்கம்தான். உள்ளே போய்க் கொடுத்துவிட்டு ரசீதோடு வந்தாள். ரசீதுக்கு ஒரு குறையும் வராது. ஒரு மாதம் கழித்து 'மனு பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. பரிசீலனை என்றால் தூக்கம் என்று எனக்குத் தெரியும். அதே மனுவைத் தில்லியில் இருக்கிற பழங்குடியினர் ஆணையத்துக்கு அனுப்பினேன்.

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். "வெல்லத்துக்குத் தில்லி வரைக்குமா? ஒனக்கு வேற வேல இல்லியா?"

"இதாங்க என் வேல" என்றேன்.

தில்லியிலிருந்து கடிதம் வந்தபோது, பொய் சொல்லக் கூடாது, ஒரு டீ அதிகம் குடித்தேன். விசாரித்து அறிக்கை அனுப்பும்படி உத்தரவு. அன்றைக்கு நான் செய்த தப்பு, அந்தக் கடிதம் அடுத்து எங்கே போகும் என்று யோசிக்காததுதான். இத்தனை வருஷம் இந்த மரத்தடியில் உட்கார்ந்தவள் யோசித்திருக்க வேண்டும். தில்லியிலிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து வட்டத்துக்கு என்று அந்தத் தாள் ஒவ்வொரு படியாக இறங்கியது. கடைசியில் யார் மேல் புகாரோ, அந்தச் சாவடிப் பொறுப்பாளர் கையிலேயே வந்து விழுந்தது. 'நேரில் விசாரித்து அறிக்கை தருக.'

அவர் நேரில் விசாரித்தார். பைக்கில் வளைவு வளைவாக ஏறி அவள் வீட்டுக்கே போனார். கையில் பத்து கிலோ வெல்லம். "நடந்தது நடந்துபோச்சும்மா, இத வெச்சுக்கோ" என்றாராம். அவள் சாமைச்சோறு போட்டிருக்கிறாள். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு ஒரு தாளை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

'மனுதாரரின் குறை முழுமையாகத் தீர்க்கப்பட்டது. அவரது வெல்லம் கொட்டப்படவில்லை. அவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவருக்கு இனி புகார் ஏதும் இல்லை.' அவள் கொண்டுவந்த நகலைப் படித்ததும் என் வாயில் வந்ததை எல்லாம் எழுதினால் இந்தப் பக்கம் தாங்காது.

"படிச்சிப் பாத்தியாடி?"

"வூடு தேடி மலையேறி வந்தவருக்கா. எங்க பக்கம், சோறு துன்னவங்க ஒண்ணு கேட்டா இல்லன்னு சொல்லி அனுப்ப மாட்டோம். அது ஆவாது."

"சோறு போட்ட சரி, கழுத்தையுமா நீட்டுவ?"

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மேசையை மடக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. புகாருக்கு ஆளானவரே புகார் கொடுத்தவளிடம் கையெழுத்து வாங்கி, புகார் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறார். மேலே இருக்கிறவர்களுக்குக் கணக்கில் ஒரு மனு குறைந்தது, எல்லாருக்கும் நிம்மதி. அவள் பெயர் மட்டும் நோட்டில் அப்படியே கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டேன், அந்த வெல்லத்தை என்ன செய்தாய் என்று.

"பிரிக்கல. எங்க வெல்லம் இல்ல அது. நா வாங்கினது உருண்ட. அவரு குடுத்தது அச்சு வெல்லம். அதுல அதிரசப் பாகு நிக்காது. அப்பிடியே கட்டி வெச்சிருக்கேன்."

"பத்திரமா வெச்சிரு" என்றேன். பேனாவைத் திறந்தேன்.

இரண்டாவது மனு முதல் மனுவைவிடச் சின்னது. யார் மேல் புகாரோ அவரே விசாரித்தார். வெல்லத்தைக் கொட்டவே இல்லை என்றால் எதற்குத் திருப்பிக் கொடுத்தார்? பெயர் எழுதவே இல்லை என்றால் அந்த நோட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவ்வளவுதான் எழுதினேன். தில்லிக்கு அனுப்பினேன்.

இந்த முறை தாள் இறங்கவில்லை, ஆள் வந்தார். ஆணையத்துக்காக ஊர் ஊராகப் போய் விசாரிக்கும் ஓர் அதிகாரி, தமிழ் தெரிந்த பெண். கள்ளக்குறிச்சியில் ஓர் அரசுக் கட்டடத்தின் கூடத்தில் அமர்வு. நீள மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலிகள் இருந்தன. இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. நான் வராந்தாவுக்குப் போய் இரண்டு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து போட்டேன். சத்தம் நன்றாகவே கேட்டது. ஒருவர் முறைத்தார். முறைக்கட்டும் என்று உட்கார்ந்தேன். அவளும் உட்கார்ந்தாள்.

அதிகாரி அந்தத் தாளைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார்.

"என்துதாங்க." அவள் மடியில் வைத்திருந்த பையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். "இதுக்குப் போட்டது. இத எடுத்துக்கினு அந்தக் கையெழுத்தத் திருப்பிக் குடுங்க."

பையை அதிகாரி பிரித்துப் பார்த்தார். அச்சு வெல்லம், கட்டுக் குலையாமல் இருந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சாவடிப் பொறுப்பாளரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார், இதை எங்கே வாங்கினீர்கள் என்று. கடைத்தெருவில் என்றார் அவர்.

"பத்து கிலோ வெல்லம் எடுத்துக்கிட்டுத்தான் சாவடியத் தாண்டி மலைக்குப் போனீங்க. உங்க பேரை நோட்டுல எழுதினீங்களா?"

எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. வயதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

நோட்டு வந்தது. அட்டை போட்ட நீள நோட்டு, மேலே 'வெல்லம்' என்று மட்டும் எழுதியிருந்தது. அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஊர்ப் பெயர்களை வாய்விட்டுப் படித்தார். எல்லாம் மலை ஊர்கள். காது குத்துக்கு மூன்று கிலோ வாங்கிய கிழவர், பொங்கலுக்கு இரண்டு கிலோ வாங்கிய பெண் எல்லாரும் அதில் இருந்தார்கள். கீழ்நாட்டுப் பெயர் ஒன்றுகூட இல்லை. மளிகைக் கடைக்காரர் பெயரும் இல்லை.

நடுவில் ஒரு பெயரைப் படித்தபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"சம்பந்திக்கா" என்றாள். "மாப்பிள்ளையோட அப்பா. அவரு பேரும் கீது. சாராய நோட்டுலதான் ஏத்துனாங்கன்னு அவருக்கே தெரியாது."

சிரித்தாள். எத்தனை மாதமாகவோ அவள் முகத்தில் நான் பார்க்காத சிரிப்பு.

அதிகாரி நிமிர்ந்து, "உங்க பேரை இப்பவே, இங்கயே அடிக்கச் சொல்றேன். உங்களுக்குச் சம்மதம்தானே?" என்றார். சிவப்பு மைப் பேனாவை எடுத்துச் சாவடிப் பொறுப்பாளரிடம் நீட்டினார். இதற்காகத்தான் இத்தனை அலைச்சல். ஒரு கோடு போட்டால் கல்யாணம் நடக்கும். 'சரின்னு சொல்லு' என்று நானே அவள் காலை மிதித்தேன்.

அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"எல்லார் பேரையும் அடிங்க. எம் பேரு கடைசியா இருக்கட்டும்."

"மத்தவங்க யாரும் மனு கொடுக்கலையேம்மா."

"குடுக்கலதாங்க. நோட்டுல எழுதறப்ப அவங்கள யாரு கேட்டு எழுதினாங்க?"

இத்தனை வருஷத்தில் நான் எழுதிய அத்தனை மனுவிலும் இப்படி ஒரு வரி இல்லை. வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. கொஞ்சம் முன்னால்தானே நான் அவள் காலை மிதித்தேன்.

அதிகாரி பேனாவைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அப்படியானால் முறைப்படி உத்தரவு வாங்க வேண்டும், நாளாகும் என்றார். ஆகட்டும் என்றாள் இவள். நோட்டை உறையில் போட்டு அரக்கு வைத்துத் தன்னோடு எடுத்துப்போனார் அதிகாரி. அச்சு வெல்லத்தையும் சாட்சியாக எடுத்துப்போனார்.

அவள் அங்கிருந்து நேரே சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். "ஒங்க பேருக்கும் சேத்துத்தான் சண்ட போட்டுக்கினு வரேன். ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்றாளாம். அந்த மனிதர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாசலிலேயே வெகுநேரம் நின்றாராம். உத்தரவு வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அடுத்த முகூர்த்தத்திலேயே நாள் குறித்துவிட்டார்கள். அவள் பெயர் அப்போதும் நோட்டில்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டாள். நாலு நாள் முன்னாலேயே கள்ளக்குறிச்சியில் அவளோடு கடைக்குப் போனேன். பத்து கிலோ உருண்டை வெல்லம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளாமல், மடியிலேயே வாய் திறந்து வைத்துக்கொண்டாள். "எறும்பு வரும்டி" என்றேன். "வரட்டும்க்கா" என்றாள்.

சாவடியில் பஸ் நின்றது. அதே பொறுப்பாளர் ஏறினார். மடியில் இருந்ததைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். திரும்பி இறங்கப் போனார்.

"இன்னா சார், எழுதலியா?" என்று கேட்டாள் அவள், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"நோட்டு இல்லம்மா" என்றார் அவர்.

"புதுசு வாங்கிடாதீங்க" என்றாள்.