பஸ் ஓடாத நாளில் கொட்டாரத்திலிருந்து குளச்சலுக்கு

லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் எங்கள் கொட்டாரம் ஜங்ஷனைத் தாண்டி நான் கார் ஓட்டியதில்லை. கணவர் துபாயில், கார் ஷெட்டில். 2012-இல் ஒரு வியாழக்கிழமை அந்தக் காரை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

அன்று பஸ் ஸ்டிரைக். வாடகைக் கார் எதுவும் கிடைக்கவில்லை. குளச்சல் ஆஸ்பத்திரியில் என் மாமியாரின் தங்கைக்கு வயிற்றில் கட்டி, ஆபரேஷன். அக்கா வராமல் தியேட்டருக்குள் போகவே மாட்டேன் என்று அவர் ஒரே பிடிவாதம். திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த டாக்டர் பத்து மணி வரைதான் காத்திருப்பாராம். இனியும் தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்.

"நீ ஓட்டுவியா மக்கா?" என்று அத்தை கேட்டார். மாட்டேன் என்று சொல்வதற்குப் பதில் சாவியை எடுத்தேன்.

ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். நாகர்கோவில், வில்லுக்குறி, திங்கள்நகர் வழியாக நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். பஸ் இல்லை, ரோடு காலியாக இருக்கும் என்று நினைத்தது என் மடத்தனம். ஜில்லாவில் உள்ள பைக் எல்லாம் அன்று ரோட்டில்தான். சுசீந்திரம் வருவதற்குள் முதுகு நனைந்துவிட்டது. அத்தை கதவுப் பிடியை விடாமல் "அய்யா உண்டு, அய்யா உண்டு" என்று சாமியைக் கூப்பிட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

வடசேரியில் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே வண்டி நின்றுவிட்டது. பின்னால் காய்கறி லாரி ஹாரனை அமுக்கிப் பிடிக்கிறது. சாவியைத் திருப்புகிறேன், துள்ளி மறுபடி நிற்கிறது. இறங்கி ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. மணி எட்டே முக்காலைத் தொட்டிருந்தது.

"அவன் கெடந்து அடிக்கட்டும். நீ பையப் பைய வண்டிய எடு மக்கா" என்றார் அத்தை. கதவுப் பிடியை மட்டும் அவர் விடவில்லை. மூன்றாம் முறை நகர்ந்தது.

ஆஸ்பத்திரியை அடைந்தபோது ஒன்பதே முக்கால். தங்கை தங்கம் தள்ளுகட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நர்ஸ் கெஞ்சிக்கொண்டிருந்தார். அத்தை போய்த் தங்கையின் கையைப் பிடித்தார்.

"ஏட்டி தங்கம், இவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரிஞ்சேதான் ஏறி இருந்தேன். குளச்சல் வரைக்கும் உயிரு என் கையில இல்ல. உன்ன அறுக்கப் போறவரு படிச்ச டாக்டரு. உனக்கு என்னட்டி பயம்?"

தங்கம் சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். சிரித்தபடியே உள்ளே போனார். எனக்கோ அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நேரமும் தைரியசாலி நான்தான் என்று எண்ணிக்கொண்டிருந்தேனே!

இந்த வழியில் முதன்முதலாக ஓட்டுகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்குள் வடசேரியைத் தாண்டிவிடுங்கள். போகவர ஐந்நூறு ரூபாய் பெட்ரோல் போதும். திங்கள்நகருக்குப் பிறகு ரோடு குறுகல், லாரி வந்தால் ஒதுங்கிவிடுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம். பயம் போனபிறகு ஓட்டலாம் என்று காத்திருந்தால் கார் ஷெட்டிலேயே துருப்பிடிக்கும். கூட வர ஒருவர் சம்மதித்தால் போதும், அவரும் பயந்தவராகவே இருக்கட்டும்.