லயத்து மணி ஆறு பத்து

ஆறு மணி பத்து நிமிடம். இதை ஒரு கம்ப்யூட்டர் நிரலில் எழுதுவதைப் போல லேசான வேலை கிடையாது. மணிக்கு ஓர் எண், நிமிடத்துக்கு ஓர் எண். அறுபதால் பெருக்கு, கூட்டு, கழி. எட்டாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். அந்தத் திமிர்தான் எனக்கும் இருந்தது.

நான் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே நிரல் எழுதுகிறவன். வீடு என்றால் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா, தங்கச்சி, நான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். மூன்று வருடங்களுக்கு முன், பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன் ஒருவர், நாங்கள் நானா என்போம், "தம்பி, ஜாதகம் அடிக்க ஒரு ப்ரோகிராம் செஞ்சு தாங்களே, வாற சனமெல்லாம் கேக்குது" என்றார். செய்து கொடுத்தேன். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் கட்டங்களோடு தாள் வெளியே வரும். கோள்களின் கணக்கு லண்டன் நேரத்தில் ஓடுவது. ஆகவே நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழிக்க வேண்டும். கழித்தேன். ஒரே வரி. அதை எழுதிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

தங்கச்சி பண்டாரவளையில் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறாள். காலை ஏழு மணி பஸ்ஸில் போவாள். அதே பஸ்ஸில் போய்வந்த ஒருவரோடு பழக்கமாகி, இரண்டு வருடம் என்னிடம்கூட மூச்சு விடாமல் இருந்து, கடைசியில் சொன்னாள். நல்ல மனிதர். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர், பதுளையில் தங்கி பண்டாரவளைக்கு வேலைக்குப் போய்வருகிறார். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டுச் சரி என்றாள். அவருடைய அம்மாவும் சரி என்றார், ஜாதகம் மட்டும் பார்க்க வேண்டும் என்றார்.

பார்க்கப் போனது எங்கே என்கிறீர்கள்? பதுளைக்குத்தான். நானாவின் கடைக்குத்தான். தாள் வெளியே வந்தது. எட்டாமிடத்தில் செவ்வாய். அப்படிப்பட்ட பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளையின் உயிருக்கு ஆகாது என்பார்கள். அந்த அம்மா போன் எடுத்து, அழுதுகொண்டே வேண்டாம் என்றார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாதவன் எதற்கடா எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். தங்கச்சி தாளை என் மேசையில் வைத்துவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள். ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சும்மா இருக்க முடியாமல் நிரலைத் திறந்தேன். அந்த ஒரே வரியைப் பார்த்தேன். அடுத்த நிமிடம் தலையில் அடித்துக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில், கரண்டை மிச்சம் பிடிக்கவென்று நாட்டுக் கடிகாரம் முழுவதையும் அரசாங்கம் முன்னால் தள்ளி வைத்ததே! முதலில் ஒரு மணி நேரம். பிறகு அதில் பாதியைத் திருப்பி எடுத்தது. மிச்ச அரை மணி பத்து வருடம் போல அப்படியே நின்றது. தங்கச்சி அந்த ஆறு பத்துக்குப் பிறந்தது அதற்குள்தான். அவளுக்குக் கழிக்க வேண்டியது ஐந்தரை அல்ல, ஆறு. அந்தப் பத்து வருடத்தையும் வாழ்ந்து கடந்தவன் நான். அப்போது பதுளை டவுனில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். இருட்டில் பள்ளிக்கூடம் போன பயல். எழுதும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை, பாருங்கள்.

வரியை மாற்றினேன். எந்த வருடத்தில் எந்த நேரம் நடப்பில் இருந்தது என்ற அட்டவணை ஆயத்தமாகவே கிடைக்கிறது, அதை இணைத்தேன். மறுபடி ஓட்டினேன். லக்கினம் ஒரு கட்டம் பின்னால் போனது. செவ்வாய் ஒன்பதாமிடத்தில். தோஷமே இல்லை! கத்தினேன். தங்கச்சி ஈரக்கையோடு ஓடி வந்தாள். திரையைப் பார்த்து, "நெசமாவாண்ணே?" என்றாள். அந்த முகத்தை நான் அன்று பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாளே இரண்டு தாள்களோடு ஹல்துமுல்லைக்குப் போனேன். அந்த அம்மா தேத்தண்ணி தந்து, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. கம்ப்யூட்டர்ல எழுதுனது நீங்க. ஒங்க தங்கச்சிக்குத் தோஷம்னு வந்த பெறகு, அத மாத்துனதும் நீங்க. நான் என்னான்னு நம்புறது?"

எனக்கு முகம் சுட்டது. பொய் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தேன். அவர் சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். மூத்த மகன். ஜாதகம் பார்க்காமல் கட்டி, வருடம் முடிவதற்குள் லொறி விபத்தில் போனவன். அதற்கு மேல் நான் என்ன வாதாட?

பிறகு அவரே கேட்டார். "சரி, நீங்க சொல்றது மாதிரியே வச்சுக்குவோம். அந்த ஆறு பத்த எந்த மணியில பாத்தாங்க? எங்க தோட்டத்துல அப்ப ஸ்டோரு மணி வேற, லயத்து மணி வேற. ஸ்டோருல புது நேரம் வச்சாங்க. லயத்துல பாதிப் பேரு மாத்தவே இல்ல. ஒங்க அம்மாவக் கேளுங்க. அவங்க வாயால ஸ்டோரு மணின்னு சொன்னா, நான் கண்ண மூடிக்கிட்டுச் சம்மதிக்கிறேன்."

ஸ்டோர் என்றால் எங்கள் பேச்சில் தேயிலைத் தொழிற்சாலை, லயம் என்றால் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும், ஆறு பத்து என்றால் யாருடைய ஆறு பத்து என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அட்டவணை அரசாங்கத்தின் கடிகாரத்தைச் சொல்லும். லயத்தில் ஒற்றை அறைக் காம்பராச் சுவரில் தொங்கியதை எந்த அட்டவணை சொல்லும்?

பஸ்ஸில் திரும்பி வரும்போது பழையதை யோசித்துப் பார்த்தேன். டவுனில் அத்தை அன்றைக்கே கடிகாரத்தை மாற்றிவிட்டாள். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன்.

"அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்குப் போக லொறி வரல. காம்பராவுலயே பெத்தேன்" என்றாள். "ஒங்க அப்பாதான் மணியப் பாத்து கலண்டர்ல எழுதுனாரு."

"அந்த மணி புது நேரமா, பழைய நேரமா?"

அம்மா சிரித்தாள். "ஒங்க அப்பாவா மாத்துவாரு? தேயிலைச் செடி என்ன புது நேரத்துலயா கொழுந்து விடுதுன்னு சண்ட போடுவாரு. யாரையும் தொடவே விடல. பெரட்டுக்குப் போறதுக்கு மட்டும் மனசுல அரை மணி கூட்டிக்குவாரு."

பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம். அங்கே அரை மணி பிந்தாமல் போகத் தெரிந்த மனிதர், கலண்டரில் எழுதும்போது அந்த அரை மணியைக் கூட்டவில்லை. அப்படியானால் கழிக்க வேண்டியது ஐந்தரைதான். என் முதல் தாள்தான் சரி. என் பிழையும் அப்பாவின் பிடிவாதமும் சேர்ந்து சரியான விடையைத் தந்திருந்தன. நான் திருத்தியதுதான் பிழை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்து அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "இதுக்கு ஏன்டா இடிஞ்சு போற? ஸ்டோரு மணின்னு சொல்லிர்றேன். போனைப் போடு."

போட்டிருப்பேன். சத்தியமாகப் போட்டிருப்பேன், எண்ணைத் தட்டியும் விட்டேன். கதவோரம் நின்ற தங்கச்சி வந்து போனைப் பிடுங்கினாள்.

"வேணாம்ணே."

"நீ இதெல்லாம் நம்புறியாடி?"

"நம்பல. ஆனா பொய் சொல்லி அங்க போனா, நாளைக்கு அவருக்கு ஒரு காச்சல் வந்தாக்கூட அந்த அம்மா மொகத்த நான் எப்புடிப் பாக்குறது? எனக்கே பயமா இருக்கும்ணே."

போனில் அந்த அம்மா "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தங்கச்சியே காதில் வைத்து, "லயத்து மணிதாங்கம்மா" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "பரவால்லம்மா, பரவால்ல" என்று இரண்டு தரம் சொன்னாள்.

அதன் பிறகு நானாவின் கடைக்குப் போய், எந்த மணி என்று கேட்கும் ஒரு பெட்டியை நிரலில் சேர்த்தேன். "மூணு வருஷமாத் தாள் வாங்கின ஆக்களுக்கு நான் என்ன சொல்ற தம்பி?" என்று நானா கேட்டார். அந்தப் பெட்டியை யாரும் நிரப்புவதில்லை. மணியைப் பார்த்து எழுதியவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.

தங்கச்சி அழுததை நான் பார்க்கவில்லை. அவர் வரும் ஏழு மணி பஸ் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. அது போகும் வரை வீட்டுக்குள் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள். அடுத்த பஸ்ஸுக்குத்தான் இறங்குவாள். அது அரை மணி பிந்தி வரும்.