வாயைத் திற

என் மகளுக்கு ஏழு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. அதற்குப் பிறகு நான் அவளிடம் அதிகமாகச் சொன்னது 'வாயைத் திற' என்பதைத்தான். கண்ணே, ராஜாத்தி என்று கொஞ்சவெல்லாம் எனக்கு ஏது நேரம்? மருந்து ஏறிய சில நாட்களில் வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் புண் கிளம்பிவிடும். எச்சில் விழுங்கினாலே அழுவாள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பும் ஆப்பச் சோடாவும் கலந்து, சாப்பிட்ட பிறகெல்லாம், தூங்கி எழுந்த போதெல்லாம் கொப்புளிக்க வைக்கச் சொல்லியிருந்தார் நர்சம்மா. சொல்லிவிடலாம். பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டால் என்ன செய்வது? நான் தாடையைப் பிடித்து அழுத்துவேன். அவள் என் விரலைக் கடிப்பாள்.

"சனியன் புடிச்ச தண்ணி! நீயே குடி!"

"கொப்புளிச்சித் துப்புடி. அப்புறம் எவ்ளோ வேணா திட்டு."

எங்கள் வீடு நகரியில். வீட்டுக்காரருக்குப் பவர்லூம் தொழில். திருப்பதியில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சந்தில் அறை எடுத்து நானும் மகளும் தங்கியிருந்தோம். அவர் தறியைப் பார்த்துக்கொண்டு வந்து போவார். அவர் வந்தால் பலூன் வரும், கலர் பென்சில் வரும். நான் கிட்டே போனால் கசப்பு மாத்திரை, அக்குளில் தெர்மாமீட்டர். "ராட்சசி வந்துடிச்சி நைனா" என்று அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிவாள். அவரும் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கவுண்ட் பாகா தக்கிந்தம்மா" என்று டாக்டர் தெலுங்கில் சொன்னால் உடனே வாசல் கதவைச் சாத்திவிடுவேன். ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து, கிருமியை எதிர்க்கத் தெம்பே இல்லாமல் பிள்ளை கிடக்கிறாள் என்று அர்த்தம். அந்த நாட்களில் யாரையும் கிட்டே விடக்கூடாது. கூட்டம் கூடாது. லேசாக உடம்பு சுட்டாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சொந்தக்காரர்கள் ஆப்பிளும் திராட்சையுமாக வந்தார்கள். எல்லாரையும் வாசற்படியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினேன். பெரிய கலெக்டர் பொண்டாட்டி என்று பேசிக்கொண்டே போனார்கள். பேசட்டும், வாய் புளிக்கிறவரை பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

முடி விஷயத்தில்தான் வம்பு வந்தது. நோய் என்று தெரிந்ததுமே என் நாத்தனார், பிள்ளையின் முடியைத் திருமலைக்குத் தருவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். இப்போது மருந்தால் தலையணை முழுக்க முடி கொட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்து நாத்தனார் மாரில் அடித்துக்கொண்டாள்.

"சாமிக்கு நேந்துக்கின முடிம்மே! நீ அத்தப் பெருக்கிக் குப்பையில கொட்டிக்கினு கீறியே. எல்லாம் உதிந்துட்டா மலைல இன்னாத்தக் குடுப்ப?"

"கவுண்ட் ஏறட்டும் அண்ணி. டாக்டர் சரின்னாருன்னா நானே தூக்கிக்கினு போறேன். அதுக்குள்ள கொட்டிப்போச்சின்னா என் தலைய மொட்ட அடிச்சிக்கிறேன்."

"உன் மயிரு யாருக்கு வேணும்?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் பிள்ளைக்கு ரத்தத் தட்டணுக்கள் ஏற்ற வேண்டியிருந்தது, கொடுக்க ஆள் தேவைப்பட்டது. வாய் திறந்து ஒருத்தரைக் கேட்க அவருக்குக் கூச்சம். நான்தான் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு, காலை ரயிலில் நகரிக்குப் போய், தறிக் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கி, கெஞ்சிக் கூத்தாடி இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு வந்தேன். அறை பூட்டிக் கிடந்தது. அவருக்குப் போன் போகவில்லை. நாத்தனாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "மலைக்குப் போயிருக்காங்க" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார்கள். அவர் தோளில் பிள்ளை. மழுங்கச் சிரைத்த தலையில் சந்தனம். முகக்கவசம் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, லட்டு துன்னேன்! நைனா தண்ணில கரைச்சிக் குடுத்தாரு. வாய் வலிக்கவே இல்ல தெரியுமா? பஸ்ஸு வளைஞ்சி வளைஞ்சிப் போச்சி!" கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுச் சேர்த்துச் சொன்னாள்: "நீ வராதது எவ்ளோ ஜாலியா இருந்திச்சி!"

"எந்தத் தண்ணியில கரைச்சய்யா?" என்றேன். அந்த நிமிஷம் அவர் கழுத்தை நெரித்திருப்பேன். பிள்ளை தோளில் இருந்ததால் தப்பித்தார்.

மறுநாள் மத்தியானம் சாதம் ஊட்டும்போது கன்னம் சுட்டது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, ஊட்டிய தட்டைக்கூடக் கழுவாமல் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். உடனே ஊசி போட்டார்கள், ஒருத்தரும் தாமதிக்கவில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் கை கால் சில்லிட்டுவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். மலைக்குப் போய்வந்தாள் என்று டாக்டரிடம் சொன்னேன். இவள் வயிற்றுக்குள்ளேயே இருந்த கிருமியாகவும் இருக்கலாம், யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ. நான் அதை இன்றுவரை நம்பவில்லை.

அடுத்த நாள் ஒருவர் மட்டும் உள்ளே வரலாம் என்று கூப்பிட்டார்கள். நான் செருப்பைக் கழற்றி, கை கழுவி, கதவு வரை போய்விட்டேன். உள்ளே போய்வந்த நர்சம்மா என் முகத்தைப் பார்க்காமல் தெலுங்கில் சொன்னார்: "நைனாவைக் கேட்கிறாள் அம்மா. நீ வந்தால் கொப்புளிக்கச் சொல்வாயாம். வேண்டாம் என்று அழுகிறாள். அழுதால் மூச்சு இரைக்கிறது."

நான் ஒதுங்கி நின்றேன். அவர் உள்ளே போனார். என் பையில் உப்புத் தண்ணீர் பாட்டில் இருந்தது. கண்ணாடி வழியாக அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது, பிள்ளை தெரியவில்லை. அவர் வெளியே வந்தபோது, "தூங்கிக்கினு கீறா" என்றார். அதற்குப் பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை.

சாவு வீட்டில் என் காதுபடவே நாத்தனார் சொன்னாள்: "வேண்டுதல இவ தள்ளிப் போட்டுக்கினே இருந்தா. சாமி எத்தினி நாளு பொறுக்கும்?" நாலு பேர் தலையாட்டினார்கள். அவர் இதற்கும் சுவரைத்தான் பார்த்தார்.

காரியத்துக்குப் படம் மாட்ட வேண்டுமே, பிரேம் போடும் கடைக்குப் போனோம். "பாப்பா சிரிச்ச மாதிரி ஒண்ணு குடும்மா" என்றார் கடைக்காரர். வீட்டுக்காரர் தன் போனை நீட்டினார். மலையில் எடுத்த படம். சந்தன மொட்டையோடு கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிக்கிறாள். அந்தப் படம் வேண்டவே வேண்டாம் என்று என் போனைத் துழாவினேன். அவரைவிட நான்தான் நிறைய எடுத்திருந்தேன், டாக்டருக்குப் புண்ணைக் காட்டுவதற்காக. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றிலும் என் கை அவள் தாடையைப் பிடித்திருக்கிறது, அவள் வாயைத் திறந்துகொண்டு அழுகிறாள்.

மலைப் படத்தைத்தான் மாட்டியிருக்கிறோம்.