ஐந்தாம் பாகம் வந்த கிழமை

யசோதினி தன் முதல் ஆங்கில நாவலைப் படித்து முடிக்கப் பதினொரு மாதங்கள் ஆயின. அப்போது பத்தாம் வகுப்பில் இருந்தாள். ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் கடைசி வீடு அவர்களுடையது. அம்மா பாக்கியலெட்சுமி கொழுந்து எடுக்கிறவள். அப்பா கொழும்பில் கடை வேலை என்று போனவர், மகளுக்கு ஏழு வயதானபோது; பிறகு அவரிடமிருந்து தகவல் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு எங்கிருந்தோ அன்பளிப்பாக வந்த பழைய புத்தகப் பெட்டியைப் பிரித்து அடுக்கும்படி அவள் வகுப்பிடம் சொன்னார்கள். அதில் அட்டையில்லாத தடித்த நாவல் ஒன்று கிடந்தது. முதல் பன்னிரண்டு பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. பதின்மூன்றாம் பக்கத்தில் தெஸ்ரா என்ற பதினாறு வயதுப் பெண் ஒரு மதில்மேல் நின்றுகொண்டிருந்தாள். கீழே அவளுடைய ஊர் முழுவதும் தண்ணீருக்குள் இருந்தது. அவள் குதிக்கப்போகிறாள் என்பது மட்டும் யசோதினிக்கு விளங்கியது. ஏன் என்று விளங்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் பள்ளிக்கூட அகராதியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஒரு பக்கத்தில் நாற்பது சொல்லாவது தெரியாது. கொப்பியில் எழுதுவாள், அர்த்தம் போடுவாள், மறுபடி முதல் வரியிலிருந்து படிப்பாள். அம்மா மலையிலிருந்து வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது, அன்றைக்குப் படித்த அரைப்பக்கத்தைத் தமிழில் சொல்வாள். "அந்தப் புள்ள இன்னும் தண்ணிக்குள்ளயா இருக்கா?" என்று அம்மா கேட்பாள். மூன்று மாதமாகத் தெஸ்ரா தண்ணீருக்குள்தான் இருந்தாள்.

அது ஐந்து பாகங்கள் கொண்ட கதை என்பது பின்னால்தான் தெரிந்தது. இரண்டாம் பாகம் பதுளையில் பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்தது. மூன்றாவதைக் கைபேசியில் படித்தாள். லயத்தில் சிக்னல் இல்லாததால் தண்ணீர்த் தாங்கிக்கு மேலே உள்ள பாறைவரை ஏறிப்போய்த்தான் தரவிறக்கவேண்டும். இவ்வளவுக்கும் முதல் பன்னிரண்டு பக்கங்களை அவள் பார்த்ததேயில்லை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த நாட்களில், இப்படிப்பட்ட மாயக்கதைகளை வாசிக்கும் இளைஞர்களின் முகநூல் குழுவொன்றில் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டாள்: யாராவது அந்தப் பன்னிரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

கால்மணி நேரத்தில் பன்னிரண்டு படங்களும் வந்தன. அனுப்பியவள் காத்தான்குடியைச் சேர்ந்த காமிலா, அவள் வயதுதான். படங்களுக்குக் கீழே ஒரு குரல்பதிவு: "தொடக்கத்த வாசிக்காமலா மூணு பாகத்த முடிச்சிருக்காய்? அல்லாவே! முதல்ல இத வாசி, புறகு வந்து கதை."

அன்றிலிருந்து அவர்கள் கதைக்காத நாள் குறைவு. நேரில் ஒருமுறையும் பார்த்ததில்லை. நான்காம் பாகம் தெஸ்ராவைப் பாதிப் பாலத்தில் நிறுத்திவிட்டு முடிந்தது. ஐந்தாம் பாகம் அடுத்த ஆண்டு என்றார்கள். பிறகு அதற்கடுத்த ஆண்டு என்றார்கள். எழுதியவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வருடம் அதைப்பற்றிய பேச்சே இல்லை. இருவரும் கோபப்பட்டார்கள், முடிவு இப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டினார்கள், வேறு நாவல்களைப் படித்து இது அதற்குக் கிட்டவும் வராது என்று தள்ளினார்கள். கடைசியில், போன வருடம் அக்டோபர் இருபதாம் தேதி என்று உறுதியாக அறிவித்தார்கள்.

"ரெண்டு கொப்பி எடுக்கப்போறன்," என்றாள் காமிலா. "ஒண்டு உனக்கு. வேணாம் எண்டு சொன்னா கதைக்கமாட்டன்."

இதற்கிடையில் யசோதினிக்கு இருபத்துநான்கு வயதாகியிருந்தது. ஹல்துமுல்லை டவுனில் போட்டோக்கொப்பி எடுக்கிற, விண்ணப்பம் நிரப்பிக்கொடுக்கிற சிறிய கடையொன்றில் வேலை. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்வியியற் கல்லூரிக்கு ஒருமுறை விண்ணப்பித்து வெட்டுப்புள்ளி போதாமல் போயிருந்தது. இந்தமுறை ஆங்கிலப் பாடநெறிக்குப் போட்டிருந்தாள். தோட்டப் பிள்ளைகளில் அதற்குப் போடுகிறவர்கள் அநேகமாக இல்லை. நேர்முகப் பரீட்சையில் ஆங்கிலத்தில் பேசச் சொல்வார்கள் என்றார்கள். பேசத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பாறைமேல் உட்கார்ந்து காமிலாவோடு ஆங்கிலத்தில் சண்டை போட்டே பழகியிருந்தாள். இது தப்பினால் அடுத்த வர்த்தமானி அறிவித்தல் வரும்போது வயதெல்லை தாண்டிவிடும். அதனால் இது கடைசிமுறை.

லயத்து வீடுகளுக்கு விலாசம் கிடையாது. பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதினால் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். பெரிய கிளாக்கர் செல்வரத்தினம் பிரித்து, பிரிவுவாரியாக ஆட்களிடம் கொடுத்தனுப்புவார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வருடமாக அதே மேசை. செப்டம்பரிலிருந்து யசோதினி கடைவிட்டு வரும் வழியில் தினமும் ஆபீஸ் ஜன்னலில் நின்றாள்.

"எனக்கு ஏதாச்சும் வந்திருக்குங்களா, ஐயா?"

"இண்டைக்கும் ஒண்டும் இல்லைப் பிள்ளை. உன்ர புத்தகம் இப்பதான் கப்பல் ஏறியிருக்கும்," என்று அவர் சிரிப்பார்.

"புத்தகம் இல்லீங்க ஐயா, கடுதாசி."

"வந்தால் நான் தராமல் விடுவனே?"

செப்டம்பர் போனது. அக்டோபரும் போனது. கடிதம் பிந்தும் என்பது அவளுக்குப் பழக்கமான விஷயம். பிந்திப் பிந்தியாவது வரும் என்பதும் பழக்கம்தான். காமிலா இருபதாம் தேதிக்கு ஒவ்வொரு நாளாகக் குறைத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். யசோதினி பதிலுக்கு இதயங்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு காத்திருப்பும் ஒன்றாகச் சேர்ந்து அந்த மாதம் முழுவதும் அவளைச் சந்தோஷமாகவே வைத்திருந்தன என்று அம்மா இப்போதும் சொல்கிறாள்.

நவம்பர் முதல் கிழமையில் ஒரு செவ்வாய்க்கிழமை, கொஸ்லந்தவிலிருந்து துஷாந்தினி என்ற பெண் கடைக்கு வந்தாள். கையில் ஒரு கடிதம். "மூணு கொப்பி எடுத்துத் தாங்கக்கா," என்றாள்.

யசோதினி அதை இயந்திரத்தின் கண்ணாடிமேல் வைக்கும்போது தலைப்பைப் பார்த்தாள். அவள் விண்ணப்பித்த அதே கல்லூரி. தெரிவு செய்யப்பட்டிருப்பதாக அறிவிக்கும் கடிதம்.

"இண்டர்வியூ எப்ப வச்சாங்க, தங்கச்சி?"

"அது போன மாசம் பன்னெண்டாந் தேதிக்கா. லெட்டர் செப்டம்பரிலேயே வந்துருச்சி."

யசோதினி மூன்று பிரதியும் எடுத்தாள். ஒன்று கோணலாக விழுந்ததால் மறுபடி எடுத்தாள். உறையில் போட்டுக் கொடுத்து, "நல்லாப் படி," என்றாள். அந்தப் பெண் பஸ் நிறுத்தத்துக்குப் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிப் புறப்பட்டாள்.

ஆபீஸ் ஜன்னலில் அவள் சொன்னதைக் கேட்டுச் செல்வரத்தினம் முதலில் இல்லையென்று தலையாட்டினார். அப்படியொன்றும் வரவில்லை என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பொறு பிள்ளை. அரசாங்க முத்திரை குத்தின ஒரு கடிதம் வந்தது. எம். யசோதினி எண்டு இருந்தது. மேற்பிரிவிலயும் ஒரு யசோதினி இருக்கிறாள் எல்லே, குவைத்துக்குப் போன பெடிச்சி. பாஸ்போர்ட் அலுவலாக்கும் எண்டு நான் அங்க குடுத்தனுப்பிப்போட்டன்."

மேற்பிரிவு இரண்டு மைல் ஏற்றம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு வயதுக் கிளாக்கர் குடையை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தார். வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார்.

அந்த வீட்டில் குவைத்துக்குப் போன யசோதினியின் மாமியார் லீலாதேவி மட்டும் இருந்தாள். கிளாக்கர் லயத்துக்கே வந்துவிட்டதைப் பார்த்துப் பயந்துபோனாள். கடிதம் என்றதும் முகம் தெளிந்து, அலுமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தாள். அதற்குள் பிறப்புப் பத்திரங்கள், கிளினிக் அட்டைகள், நடுவில் அந்த உறை. பிரிக்கப்படவில்லை.

"கவர்மெண்டு முத்திரை இருந்திச்சிங்களே ஐயா. எனக்குப் படிக்கத் தெரியாது. மருமக வந்தா கேப்பான்னு பத்திரமா வச்சிருந்தேங்க."

யசோதினி வாசலில் நின்றே பிரித்துப் படித்தாள். அக்டோபர் பன்னிரண்டு, காலை எட்டரை மணி, மூலச் சான்றிதழ்களுடன் வரவும். படித்துவிட்டுக் கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்தாள். லீலாதேவி அவளுடைய முகத்தையும் கிளாக்கருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏதும் தப்புப் பண்ணிட்டேனாங்க?"

"இல்லங்கம்மா," என்றாள் யசோதினி. "நல்லாத்தான் வச்சிருக்கீங்க."

இறங்கி வரும்போது செல்வரத்தினம், "என்ர பிழை பிள்ளை," என்றார். சிறிது தூரம் போய் மறுபடியும் அதையே சொன்னார். அவளுக்குக் கோபப்பட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் நனைந்த காற்சட்டையோடு முன்னால் வழுக்கி வழுக்கி இறங்கும் அந்த மனிதர்மேல் கோபம் வரவில்லை. யார்மேலாவது வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் கிளாக்கர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். தவறு தன்னுடையது, இந்தப் பிள்ளைக்கு இன்னொரு வாய்ப்புத் தரவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தோட்டத்து முத்திரையும் வைத்தார். அதை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை அவள் கல்லூரிக்குப் போனாள். அங்கே அலுவலகத்தில் இருந்த பெண் அதை முழுவதும் படித்தாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"பட்டியல் அமைச்சுக்குப் போயிட்டுது. இனி எங்களால ஒண்டும் செய்ய ஏலாது. இந்தக் கிழமை மட்டும் உங்கள மாதிரி மூணு பேர் வந்துட்டாங்க. எல்லாரும் எஸ்டேட்தான்."

அவர்களுக்கு என்ன சொன்னீர்கள் என்று யசோதினி கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கைபேசி அடித்தது. ஹல்துமுல்லை தபாற்கந்தோர். பார்சல் ஒன்று வந்திருக்கிறதாம், அதில் அவள் இலக்கம் எழுதியிருக்கிறதாம், வந்து எடுத்துக்கொள்ளலாமாம். காமிலா பெயருக்குக் கீழே கைபேசி இலக்கத்தைச் சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதியிருந்தாள். அரசாங்க உறையில் பெயரும் தோட்டமும் மட்டுமே இருந்தன.

பார்சலை வாங்கி, பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காமிலாவின் குரல்பதிவுகள் வரிசையாக நின்றன. "யசோ, நான் முடிச்சிட்டன். வாயே தொறக்கமாட்டன். கெதியா வாசி." அடுத்தது: "எந்தப் பக்கத்தில நிக்கிறாய்?" அடுத்தது: "ஏன் புள்ள பேசாம இருக்காய்?"

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். பாக்கியலெட்சுமி கொழுந்துக் கறை படிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "வேற ஆளுக்குப் போயிருச்சா?" என்றாள். பிறகு, "ஒரே பேரு வச்சது எங் குத்தம்," என்றாள். அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யசோதினி புத்தகத்தைத் திறந்தாள். தெஸ்ரா பாதிப் பாலத்தில் நின்றாள். நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்த இடம். ஒரு சொல்லுக்குக்கூட அகராதி தேவைப்படவில்லை. எல்லாம் விளங்கியது, எதுவும் உள்ளே போகவில்லை. அறுபது பக்கம் படித்துவிட்டு, என்ன நடந்தது என்று நினைத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இப்படிப் பத்து நாட்கள் பிடிவாதமாகப் படித்து முடித்தாள். நல்ல முடிவுதான். குழுவில் எல்லோரும் அழுததாக எழுதியிருந்தார்கள். தனக்கும் அழுகை வரும் என்று கடைசி அத்தியாயத்தைப் பாறைமேல் தனியாக உட்கார்ந்து படித்தாள். வரவில்லை. காற்றில் தாள்கள் படபடத்தன. கீழே வேலைக்கு ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருந்திச்சு," என்று காமிலாவுக்கு எழுதினாள்.

காமிலா உடனே அழைத்தாள். "நல்லா இருந்திச்சா? அவ்வளவுதானா? ஒனக்கு என்ன நடந்த?"

அப்போதுதான் யசோதினி நடந்ததைச் சொன்னாள். மறுமுனையில் காமிலா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அழுதவள் அவள்தான். யசோதினி அவளைச் சமாதானப்படுத்தினாள்.

டிசம்பரில் அந்த எழுத்தாளர் புதுத் தொடர் ஒன்றை அறிவித்தார். மூன்று பாகம்; முதலாவது இன்னும் இரண்டு வருடத்தில். காமிலா அட்டைப்படத்தை அனுப்பியிருந்தாள், முன்னைப்போல ஆரவாரம் இல்லாமல், தயங்கித் தயங்கி. யசோதினி பார்த்தாள். பதில் போடவில்லை. காமிலாமேல் கோபமில்லை. இரண்டு வருடம் கழித்து வரும் ஒன்றுக்காக இன்றைக்குச் சந்தோஷப்படுவது எப்படி என்பது மறந்துவிட்டது.

தைப்பொங்கல் கழிந்து ஒரு மாலை, கடைவிட்டு வரும் வழியில் குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. மற்ற யசோதினி. மாமியார் சொல்லி இலக்கம் வாங்கியிருந்தாள்.

"அக்கா, மன்னிச்சிருங்கக்கா. மாமிக்கு எழுத்து தெரியாதுக்கா. அன்னையிலிருந்து சரியாச் சாப்புடுறது இல்லையாம்."

"அவங்கள ஒண்ணும் நெனைக்க வேணாம்னு சொல்லுங்க."

"நீங்க இனி என்னக்கா செய்யப்போறீங்க?"

"தெரியல."

மறுமுனையில் ஒரு குழந்தை அழுதது. அவள் அதை அரபியில் ஏதோ சொல்லி அடக்கினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க மேடத்தோட தங்கச்சி வீட்டுல ஆள் தேடுறாங்க. இங்கிலீஸ் தெரிஞ்ச புள்ளையா கேக்குறாங்க. புள்ளைங்களுக்குக் கதை வாசிச்சுக் காட்டவும் வேணுமாம். நல்ல எடந்தான்க்கா. நான் சொன்னா எடுப்பாங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்தாள்.

அம்மாவிடம் அன்றைக்கே சொல்லவில்லை. நான்காம் நாள், அம்மா கொழுந்துக் கூடையின் தலைக்கயிற்றைத் தைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள். வேண்டாம் என்று அம்மா சொல்வாள் என்று நினைத்திருந்தாள். படித்த பிள்ளை அடுத்த வீட்டில் வேலைக்கு நிற்கவா என்று கத்துவாள், அழுவாள், தான் பேசாமல் நின்று கேட்கலாம் என்று நினைத்திருந்தாள்.

பாக்கியலெட்சுமி ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"எத்தன வருசம்?"

"ரெண்டு."

அம்மா, "ரெண்டு வருசந்தானே," என்று சொல்லிவிட்டு, மறுபடி ஊசியை எடுத்தாள்.