முகத்தைத் திருப்பிக்கொண்டவர்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் என் இடது தோளுக்குப் பெரிய மதிப்பு இருந்தது. மூன்றாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கணக்கு வராது, பாட்டு வராது, கன்னட வாத்தியார் கேட்கும் எந்தக் கேள்விக்கும் வாய் திறக்க வராது. ஆனால் அப்பாவின் தங்கையான என் அத்தை என் தோளில் கையை வைத்து நடந்தால், அவளுடைய வலது கால் சூம்பிப்போனது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆசையாக அண்ணன் மகளை அணைத்துக்கொண்டு வருகிறாள் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அவள் பாரமெல்லாம் என் தோளில் இறங்கும். எனக்கு அதில் ஒரே பெருமை.

நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அத்தை வலது தொடையில் கையை ஊன்றிக் குனிந்து நிமிர்ந்துதான் நடப்பாள். அப்பாவுக்கு அது கண்ணில் படக் கூடாது. கர்நாடகத்து மார்டள்ளிப் பக்கத்தில் மழையை நம்பி ராகியும் மக்காச்சோளமும் போட்டுப் பிழைக்கிற மனிதர் அவர். தாய் தகப்பன் இல்லாத தங்கையை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்று இருந்தார். அத்தைக்கோ வேறு ஆசை. அவள் தையல் நன்றாகக் கற்றிருந்தாள். பக்கத்து ஊர்த் தையல் நிலையத்தில் வேலை தரக் காத்திருந்தார்கள். அங்கே போகிற பஸ்ஸின் படிதான் அவளுக்கு ஏறவில்லை.

அந்த வருடம் கௌதள்ளியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் ஒரு வாரம் எங்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. உள்ளறை வாசலிலிருந்து பாய் வரைக்கும் அத்தையும் நானும் நடப்போம். அப்பா சுவரோரம் மாப்பிள்ளை வீட்டுக்காரராக உட்கார்ந்து பார்ப்பார். "தோளத் தூக்காத கண்ணு, சாதாரணமா வா" என்பார். அம்மா காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவாள், அத்தைக்குக் கை காலியில்லையே.

வந்தவர்கள் இரண்டே பேர், மாப்பிள்ளையும் அவருடைய பெரியப்பாவும். நாங்கள் நடந்த நடை அன்று பிசகவே இல்லை. மாப்பிள்ளை நல்ல நிறம், நல்ல சிரிப்பு. எதற்கெடுத்தாலும் சிரித்தார். நான் நாக்கை நீட்டிக் காட்டியதற்கும் சிரித்தார். அத்தை தலையைக் குனிந்தபடி, "என்ன வேலைங்க பாக்கறீங்க?" என்று மெல்லக் கேட்டாள். அதற்கும் அவர் சிரித்தார். "வெல்டிங் பட்டறைங்க. பையன் கொஞ்சம் கூச்ச சுபாவம், வாயத் தொறக்க மாட்டான்" என்று பெரியப்பா பதில் சொன்னார். அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. வாயைத் திறக்காத மாப்பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அன்றிரவு அம்மாவிடம் சொன்னார்.

சம்பந்தம் முடிவாகிவிடும் என்றிருந்த சமயத்தில்தான் பஞ்சாயத்து அண்ணன் வந்தார். மாற்றுத்திறனாளிகளைப் பார்த்துப் பதிவு செய்வதற்கென்றே பஞ்சாயத்தில் இருந்தவர். அவருக்கே ஒரு கை முழங்கைக்குக் கீழே கிடையாது. ஹனூரில் முகாம் போடுகிறார்கள், மைசூரிலிருந்து பெரிய டாக்டர்கள் வருகிறார்கள், சர்டிபிகேட் வாங்கினால் மூன்று சக்கர ஸ்கூட்டருக்கு எழுதிப் போடலாம் என்று வாசலில் நின்றபடியே சொன்னார்.

"எங்கூட்ல அப்படி ஆரும் இல்லீங்களே" என்றார் அப்பா.

"நான் இருக்கறனுங்க" என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. அன்று முழுக்க வாக்குவாதம். முகாமுக்குப் போனால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்றார் அப்பா. எங்கள் ஊருக்கு ஏற்கெனவே தெரியும் என்றாள் அத்தை. கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். போவோம், ஆனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவோம். என் தோள் இருக்கும்போது என்ன பயம்? காலில் கோளாறு இருக்கிறது என்று எழுதி வாங்கப் போகிற இடத்துக்குக் கோளாறு தெரியாமல் நடந்து போவது என்று முடிவு செய்தது எங்கள் குடும்பமாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். கண்ணுக்கு ஒரு மேஜை, காதுக்கு ஒரு மேஜை, கைகாலுக்கு ஒரு மேஜை. நாங்கள் பெஞ்சில் உட்காரப் போனோம். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் கௌதள்ளிப் பெரியப்பாவும் மாப்பிள்ளையும். மாப்பிள்ளை தலையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். வெயிலுக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா முந்திக்கொண்டு கேட்டார். "நீங்க எங்கீங்க இங்க?"

"சும்மா. தெரிஞ்சவங்களுக்குத் துணைக்கு வந்தமுங்க. நீங்க?"

"நாங்களும் சும்மாதானுங்க" என்றார் அப்பா. பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார்கள்.

மைக் அந்த மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. அத்தையின் பெயர், அப்பாவின் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டது. அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அத்தை எழுந்து என் தோளில் கையை வைத்தாள். நான் ஒத்திகையில் பழகினபடி தோளைத் தூக்காமல், அவசரப்படாமல், மேஜை வரைக்கும் அழைத்துப் போனேன். அதைவிட அழகாக நாங்கள் என்றுமே நடந்ததில்லை.

டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு, நன்றாகத்தானே நடக்கிறார், வீட்டில் வேலையெல்லாம் செய்வாரா என்று கன்னடத்தில் கேட்டார். அப்பா பின்னாலேயே ஓடிவந்திருந்தார். அத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "சமையலு, மாடு, தண்ணி தூக்கறது எல்லாம் எந்தங்கச்சிதானுங்க. ஒரு குறை சொல்ல முடியாதுங்க" என்றார்.

பஞ்சாயத்து அண்ணன் இருக்கிற ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டார். "அண்ணா, இது பொண்ணு பாக்கற எடமா? நல்லா நடக்கறாங்கன்னு அவரு எழுதப்போறாரு, அஷ்டே, அவ்வளவுதான். அப்புறம் ஸ்கூட்டரும் இல்ல ஒண்ணும் இல்ல."

அப்பா பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரின் பேனா காகிதத்தில் இறங்கியது.

"இருங்க சார்" என்றாள் அத்தை. என் தோளிலிருந்து கையை எடுத்தாள். "நீ இங்கியே நில்லு கண்ணு."

என்னை விட்டுவிட்டு அவள் தனியாக நடந்தாள். தொடையில் கையை ஊன்றி, குனிந்து நிமிர்ந்து, வீட்டில் ஆள் இல்லாதபோது நடக்கிற அதே நடை. டாக்டரின் மேஜையிலிருந்து பெஞ்சு வரைக்கும் நடந்தாள். பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே என்ற அழுகைதான் அது.

பெஞ்சுக்கு முன்னால் போய் அத்தை நின்றாள். மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. அவரும் அவளைப் பார்த்தார், சிரிக்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்தார். பிறகு நான் நின்ற பக்கமாக மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பியவர் அப்படியே இருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் கல்லை எடுத்து எறிந்திருப்பேன். நாக்கை நீட்டினேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

பெரியப்பா எழுந்தார். "இப்படி மறைச்சுட்டீங்களேங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா தனியாக முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அத்தையிடம், "அந்த ஆளு உன்னையப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு" என்றேன். "ஆமா, பாத்தேன்" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். சர்டிபிகேட் கிடைத்த சந்தோஷத்தில் மானம் போனதைக்கூட மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்பா வெகுநாள் அத்தையோடு பேசவில்லை. ஸ்கூட்டர் வந்த அன்றும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். அத்தை ஓட்டிப் பழகியதும் முதல் காரியமாக யாரிடமும் சொல்லாமல் கௌதள்ளிக்குப் போய் வந்தாள். அங்கே என்ன பேசினாள் என்று எங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் பெரியப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்யாணத்தில் நான் மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் கண்டுகொள்ளவில்லை. சரியான திமிர் பிடித்தவர் என்று நினைத்தேன்.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது அவர்கள் மைசூருக்குக் குடிவந்திருந்தார்கள். மாமாவுக்குத் தொழிற்சாலை வேலை, அத்தைக்கு வீட்டு முன்னறையிலேயே தையல் கடை. நான் அவர்கள் வீட்டில் தங்கித்தான் படித்தேன். ஒரு நாள் சாப்பிடும்போது அந்த முகாம் கதையை எடுத்தேன். இத்தனை கேவலப்படுத்திய மனிதரைத் தேடிப் போய்க் கட்டிக்கொண்டாயே, உனக்கு ரோஷமே இல்லையா என்று கேட்டேன்.

அத்தை ரசக் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ அந்தப் பக்கம் நின்னுட்டிருந்த புள்ள. உனக்கு மூஞ்சிதான் தெரிஞ்சுது. நான் நின்ன பக்கத்துக் காதுல அப்பத்தான் கேக்கற மெஷின் மாட்டி உட்டிருந்தாங்க. பெரியப்பா துண்டக் கட்டி மறைச்சு வெச்சிருந்தாரு. நான் நடந்து காட்டுனேன், அவரு அவுத்துக் காட்டுனாரு."

எதிரே உட்கார்ந்திருந்த மாமாவுக்கு எங்கள் பேச்சு சரியாகக் காதில் விழவில்லை. சோற்றைப் பிசைந்தபடி, "என்ன சொல்றா உங்கத்தை?" என்று என்னிடம் கேட்டார். அத்தை மறுபடி சொல்ல வாயைத் திறந்ததும், அவர் அவளிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.