சோகீன் ஆற்றங்கரைக்கு இந்த முறை நான் ஓட்டினேன்

இந்த வருடம் மார்ச்சில் என் கணவர் குகன் தன் சாரதி அனுமதிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். கண் அழுத்த நோய். பக்கப் பார்வை போய்விட்டது. ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரியும். இருபத்தாறு வருடம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய மனிதர். அதன்பிறகு வீட்டில் அவருடைய பேச்சே குறைந்துவிட்டது. ஜூன் கடைசியில் ஒருநாள் சாப்பிடும்போது நான் கேட்டேன்.

"ஆர்வி ஒண்டு வாடகைக்கு எடுத்து ஆத்தங்கரைக்குப் போவமோ?"

"ஆர் ஓடுறது?"

"நான்."

மகள் அபிக்குப் போனில் சொன்னபோது, "சீரியஸா அம்மா? நீங்கள் ஹைவேயில லேன் மாத்தவே பயப்பிடுவியள்" என்றாள். உண்மைதான். அஜின்கோர்ட்டிலிருந்து பக்கத்து மார்க்கம் நகருக்கு வேலைக்குப் போய்வருவதுதான் என் அதிகபட்ச ஓட்டம். ஆனாலும் ஆகஸ்ட் நடுப்பகுதியில் வெள்ளி முதல் ஞாயிறு வரை பதிவு செய்துவிட்டேன்.

எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஒன்பது கோடைகள் நாங்கள் போன ஆற்றோரப் பூங்காதான். பழைய கொரோலாவின் பின்பெட்டியில் கூடாரம், இடியப்பப் பெட்டி, சொதிச் சட்டி, நாலு தலையணை. ஒருமுறை இரண்டு நாளும் மழை. கூடாரத்தின் நடுவில் ஒழுகிய தண்ணீரை அபி ஐஸ்கிரீம் டப்பாவில் ஏந்திக்கொண்டிருக்க, மகன் அதில் கடதாசிக் கப்பல் விட்டான். பிறகு பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு, பல்கலைக்கழகம், எங்களுக்குக் கூடுதல் வேலை. போகாமல் பதினான்கு வருடம் ஆகிவிட்டது.

இந்தக் கட்டுரையில் பூங்காவின் பெயரை எழுதவேண்டாம், கூட்டம் சேர்ந்துவிடும் என்று குகன் சொல்லிவிட்டார். ரொறன்ரோவுக்கு வடமேற்கே, சோகீன் ஆற்றோரம், உள்ளூர் நிர்வாகம் நடத்தும் சின்னப் பூங்கா. அந்தப் பக்கம் இப்படிப் பல இருக்கின்றன.

வெள்ளி காலை 9.40க்குப் புறப்பட்டோம். ஆர்வி என்பது படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் இருபத்து நாலு அடி வண்டி. 401ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போய், 410இல் ஏறி, பத்தாம் நெடுஞ்சாலையில் ஒரேஞ்ச்வில் வரை எனக்கு முதுகெல்லாம் வியர்வை. பக்கத்து இருக்கையில் குகன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "பிரேக்கைக் கொஞ்சம் முந்திப் பிடியும்" என்று ஒரே ஒருமுறைதான் சொன்னார். ஒரேஞ்ச்வில்லில் கோப்பி. ஒன்பதாம் நெடுஞ்சாலையில் சோளமும் சோயாவும்தான். பாதை நேராகப் போனது, என் தோளும் இறங்கியது. 205 கிலோமீட்டர். போய்ச்சேர 2.10 ஆகிவிட்டது. கூகிள் காட்டும் நேரத்தோடு இரண்டு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாசலில் இருந்த பெண் வரைபடத்தில் எங்கள் இடத்தை வட்டமிட்டுக் கொடுத்தார். மின்சார இணைப்புள்ள இடம், ஒரு இரவுக்கு 52 டொலர். சுற்றிலும் மேப்பிளும் தேவதாருவும். முப்பது அடி தூரத்தில் ஆறு. தண்ணீர் ஆழமில்லை, தேயிலைச் சாயம் மாதிரி நிறம். கதவைத் திறந்ததும் அந்த ஈர மர மணம் வந்தது. முன்பு இதே மணத்தில்தான் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுவார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் துவாயோடு ஓடுவேன்.

சனி காலை நடைபாதைக்குப் போனோம். ஆற்றைத் தொடர்ந்து போய்க் காட்டுக்குள்ளால் திரும்பி வரும் 4.5 கிலோமீட்டர் வட்டம். அரை மணித்தியாலம் நான் குகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். "வேர் இருக்கு." "கல்லு." "இடது பக்கம் கிளை." ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு பட்டுப்போன மரத்தில் மரங்கொத்தி தெரிந்தது. இந்தக் கட்டுரைக்காகப் படம் எடுக்க நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கும். திரும்பினால் அவர் இல்லை.

கொஞ்சத் தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் ஓடினேன். "இஞ்சாருங்கோ!" என்று கத்தினேன். ஆற்றுச் சத்தம் மட்டும்தான். அவருடைய போன் என் கைப்பையில் இருந்தது. ஒரு மேட்டில் ஏறி, இறங்கி, திரும்பவும் பிரிவுக்கு வந்து வலது பக்கம் போனேன். இருபது நிமிடம். என் வாழ்க்கையில் நான் இப்படிக் கத்தியதில்லை.

ஆறு வளையும் இடத்தில், ஒரு தட்டைக் கல்லில் அவர் இருந்தார். சப்பாத்தைக் கழற்றிக் கால்களைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். முழங்காலில் தோல் உரிந்து இரத்தம்.

"நான் கத்தினது கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்? ஆத்துக்குள்ள விழுந்திட்டியளோ எண்டு நினைச்சன்!"

அவர் என் பக்கம் திரும்பவில்லை. "மார்ச்சில இருந்து நான் ஒரு நிமிசம் தனிய இருக்கேல்லை, ரஞ்சி. குளிக்கப் போனாலும் நீர் கதவுக்கு வெளியில நிக்கிறீர். எனக்குக் கண்தான் குறைஞ்சு போச்சு."

எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கொஞ்சம் தள்ளி, இன்னொரு கல்லில் உட்கார்ந்தேன். அது பிள்ளைகள் நீந்திய இடம். இடுப்பளவு தண்ணீரில் குகன் நிற்க, மகன் அவர் தோளில் ஏறிக் குதிப்பான். ஒவ்வொரு குதிப்புக்கும் "அம்மா பாருங்கோ, அம்மா பாருங்கோ" என்பான்.

"என்ன தெரியுது?" என்று கேட்டேன்.

"அக்கரையில ஒரு கொக்கு நிக்குது. அது மட்டும்தான். ஆனா வடிவாத் தெரியுது."

நான் பார்த்தேன். சாம்பல் நிறக் கொக்கு. அவர் சொல்லியிராவிட்டால் நான் கவனித்திருக்கமாட்டேன்.

திரும்பி வரும்போது அவர் முன்னால் நடந்தார். நான் பத்தடி பின்னால். இரண்டு இடத்தில் அவருக்குக் கால் தடுக்கியது. ஓடிப்போய்ப் பிடிக்காமல் பின்னாலேயே வந்தேன்.

ஞாயிறு விடிய நல்ல மழை. பத்து மணிக்குப் புறப்பட வண்டியை எடுத்தால், பின்சில்லு புல்லுக்குள் இறங்கிவிட்டது. நான் பதறி மிதிக்க மிதிக்க அது இன்னும் புதைந்தது. பக்கத்து இடத்துக்காரர் தன் பிக்கப்போடு வந்து, கயிறு கட்டி இழுக்கட்டுமா என்று கேட்டார். குகன் ஆங்கிலத்தில் நன்றி சொல்லி, பத்து நிமிடம் பார்ப்போம் என்றார். என்னை வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு முழங்காலிட்டு, சில்லைச் சுற்றிக் கையால் தடவிப் பார்த்தார். சேற்றை விரலால் வழித்தெடுத்தார். மிஞ்சியிருந்த விறகையும் வண்டியின் வாசல் பாயையும் சில்லுகளுக்கு முன்னால் அடைத்தார். பிறகு என் ஜன்னலடியில் வந்து நின்றார்.

"முன்சில்லை நேராப் பிடியும். லோ கியர். மெல்ல... காணும், காலை எடும். சுத்துது, சத்தம் கேக்குதுதானே? திரும்ப. மெல்ல. இப்ப விடாதையும். விடாதையும்... வா, வா, வா!"

மூன்றாவது தடவை வண்டி ஒரு குலுக்கலோடு கல் பாதைக்கு ஏறியது. பக்கத்து இடத்துக்காரர் கை தட்டினார். குகன் சேற்றுக் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஒரேஞ்ச்வில் வரும்வரைக்கும் வாய் ஓயவில்லை. பனிக்காலங்களில் பஸ் புதைந்த கதைகள். முப்பது வருடத்தில் எனக்குச் சொல்லாத கதைகள்கூட இருந்தன.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கார் ஓட்டும் சாதாரண ஜி லைசென்ஸ் போதும். மூன்று நாள் வாடகையும் காப்புறுதியும் 790 டொலர், பெற்றோல் 165. எடுப்பதற்கு முன் வாடகைக்காரரிடம் ஒரு வெற்று பார்க்கிங்கில் அரை மணித்தியாலம் பின்னால் எடுக்கப் பழகுங்கள். மழை வரும் என்றால் புல்லில் நிறுத்தாதீர்கள். நுளம்புக் கடிக்குப் பூசும் மருந்து கட்டாயம். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாமல் அங்கேயே வாங்குங்கள். விறகோடு மரப்பூச்சி பரவும் என்பார்கள். பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போது போக முடிந்தால் போங்கள். கூடாரம் ஒழுகினாலும் போங்கள். அந்தக் கோடைகளை நினைத்தால் மழை நனைத்தது ஞாபகமிருக்கிறது, களைப்பு ஞாபகமில்லை.

திரும்பி வந்து ஒன்பது நாளாகிறது. இப்போது தினமும் காலையில் குகன் வெள்ளைக்கோல் எடுத்துக்கொண்டு தெருமுனைக் கோப்பிக் கடைக்குத் தனியாகப் போகிறார். போகவர இருபத்தைந்து நிமிடம். முதல் நாள் நான் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. இன்றைக்கு இரண்டு தடவைதான் எட்டிப் பார்த்தேன்.