ஸ்னோ போட்டோ

என் தலைக்கு மேலேதான் அவன் அவளை அடிப்பான். டெக்சாஸில் இர்விங் என்கிற ஊரில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டில் தரை, கூரை எல்லாமே மரப்பலகை. மேல்வீட்டில் ஒரு டம்ளர் விழுந்தாலே எனக்குக் கேட்கும், ஒரு மனுஷி விழுந்தால் கேட்காதா? முதலில் நாற்காலி இழுபடும். அப்புறம் அவன் குரல். அப்புறம் சுவரில் ஏதோ மோதும், எங்கள் சமையலறை விளக்கு லேசாக ஆடும். அதற்கப்புறம் ஒரு அமைதி வரும் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்கவே முடியாது.

நான் மதுரைக்காரி. கோபம் மூக்குக்கு மேலே வரும். ஒருநாள் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்துப் பார்த்தேன், சத்தம் நிற்கவில்லை. படியேறிப் போய்க் கதவைத் தட்டினேன். அவனே திறந்தான். பால் வடிகிற முகம்.

"டிவிங்க்கா. ஆக்‌ஷன் படம். சவுண்டக் கொறைச்சுக்கறேன்."

அவனுக்குப் பின்னால் அவள் நின்றாள். ஈரோட்டுப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்க்கா, டிவிதானுங்க" என்றாள். ஹாலில் டிவி அணைந்து கிடந்தது.

கீழே வந்து என் கணவரிடம் கத்தினேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "நமக்கெதுக்குடி வம்பு? போலீஸ் கேஸ் ஆச்சுன்னா அவன் விசா போச்சு. அவன் விசாலதான் அவளும் இருக்கா. ரெண்டு பேரும் பொட்டியக் கட்டணும்." விசா என்கிற ஒற்றைச் சொல் போதும், எங்கள் ஆட்கள் அத்தனை பேர் வாயும் அடைத்துவிடும். என் வாயும் அன்று அடைத்துத்தான் போனது.

அந்த ஆத்திரத்தை நான் கேமராவில்தான் இறக்குவேன். இன்ஃப்ராரெட் போட்டோ எடுப்பது என் பைத்தியம். லென்ஸின் முன்னால் ஒரு கருப்பு ஃபில்டரைத் திருகி மாட்ட வேண்டும். வெல்டிங் கடைக் கண்ணாடி மாதிரி இருக்கும். நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சம் எதையும் உள்ளே விடாது, தெரியாத சிவப்பை மட்டும் விடும். அதை மாட்டிவிட்டால் கேமராவில் எதுவுமே தெரியாது. அதனால் முதலில் ஃபில்டர் இல்லாமல் ட்ரைபாடில் வைத்து, ஃபோகஸ் பண்ணி, ஒரு டெஸ்ட் ஷாட் எடுத்துப் பார்ப்பேன். அப்புறம் கேமரா ஒரு நூல்கூட அசையாமல் ஃபில்டரை மாட்டி, சில நொடிகள் ஷட்டரைத் திறந்து வைப்பேன். உச்சி வெயில் வேண்டும். டெக்சாஸில் அதற்கா பஞ்சம்? மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஊரே ஏசிக்குள் பதுங்கும்போது நான் மட்டும் வெளியே நிற்பேன். படத்தில் வானம் கருப்பாகும். புல்லும் இலையும் உப்புக் கொட்டினதுபோல வெளுத்துவிடும்.

அப்படி ஒரு ஓக் மரத்தை எடுத்து அபார்ட்மெண்ட் தமிழ் க்ரூப்பில் போட்டேன். அடேயப்பா! "இர்விங்ல ஸ்னோவா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். விளக்கிச் சொன்னேன். யாருக்கு வேண்டும் விளக்கம்? "எங்களுக்கும் ஒரு ஸ்னோ போட்டோ எடுத்துக் குடுங்க, ஊருக்கு அனுப்பணும்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அது ப்ளூபானட் பூக்கிற சமயம். அந்த நீலப்பூவுக்கு நடுவே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் டெக்சாஸில் கிடையாது. அபார்ட்மெண்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மேல்வீட்டு ஜோடியும் வந்தது.

வெயிலில் அவள் மேக்கப் உருகி வழிந்திருந்தது. இடது கண்ணுக்குக் கீழே நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தது.

"என்னடி இது?"

"கபோர்டு கதவு இடிச்சிருச்சுங்க்கா."

"கபோர்டு கதவுக்கு வெரல் முளைச்சிருக்கா?"

அவன் அவள் தோளைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். ஐந்து விரலும் ரவிக்கைக்குள் புதைந்தன. "சீக்கிரம் எடுங்க்கா, வெயிலு தாங்கல." ட்ரைபாடைத் தூக்கி அவன் மண்டையில் போடலாமா என்று இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு டெஸ்ட் ஷாட் எடுத்தேன், ஃபில்டரை மாட்டினேன், அசையாதீங்க என்றேன். வந்த படத்தில் பூவெல்லாம் பனி. அவள் முகமும் பளிங்குபோல வெளுத்திருந்தது. இன்ஃப்ராரெட் தோலின் மேல்நிறத்தைப் பார்க்காது. பரு, தழும்பு, கன்றிப்போன ரத்தம் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். அவன் அந்தப் படத்தைத்தான் தன் வாட்ஸ்அப் முகப்பில் வைத்துக்கொண்டான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவள் செருப்பில்லாமல் படியிறங்கி ஓடிவந்து எங்கள் வீட்டுக்குள் விழுந்தாள். முடியைப் பிடித்துச் சுவரில் மோதியிருக்கிறான். பின்மண்டை புடைத்திருந்தது, முகத்தில் ஒரு கீறல் இல்லை. பின்னாலேயே வந்தவன் கதவை உதைத்தான். வம்பெதற்கு என்ற என் கணவர் முதுகைக் கொடுத்துக் கதவை அழுத்திப் பிடித்தார், ஒவ்வொரு உதைக்கும் அவர் உடம்பு அதிர்ந்தது. நான் போலீஸைக் கூப்பிட போனை எடுத்தேன். அவள் என் காலைக் கட்டிக்கொண்டாள். "வேண்டாமுங்க்கா. எல்லாரும் ஊருக்குப் போகோணும். எங்கப்பா செத்தே போயிருவாரு."

கடைசியில் எங்கள் ஆட்கள் செய்கிற வழக்கமான காரியத்தைத்தான் செய்தோம். முப்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிற ஒரு அங்கிளுக்குப் போன் போட்டோம். "நமக்குள்ள பேசித் தீத்துக்கலாம்மா" என்றார். அவனிடமும் போனில் பேசி மேலே அனுப்பிவைத்தார், அவள் அன்று ராத்திரி எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். மறுநாள் அவர் வீட்டு ஹாலில் பஞ்சாயத்து. ஆன்ட்டி கேசரியும் காபியும் கொண்டுவந்து வைத்தார். அங்கிள் சமாதானம் என்று சொல்லிவிட்டால் அன்று சாயங்காலமே அவள் அவனோடு மேலே போயாக வேண்டும். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அவள் தலையைக் குனிந்தபடி சொன்னாள். பூவுக்கு நடுவே போட்டோ எடுத்துக்கொண்ட அந்த வாரம்கூட மூஞ்சியில் குத்தினார் என்றாள்.

அவன் அவசரப்படவே இல்லை. காபியைக் கீழே வைத்துவிட்டுப் போனை நீட்டினான். "அதே வாரம் எடுத்த போட்டோதானுங்க அங்கிள். நல்லாப் பாருங்க. வீட்டுக்குள்ளயே இருந்து இவளுக்கு மெண்டல் ஸ்ட்ரெஸ்ஸுங்க. என்னென்னவோ கற்பனை பண்ணிக்கறா."

என் படம். நான் எடுத்த ஸ்னோ போட்டோ. ஆன்ட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "முகத்துல ஒரு பொட்டு மாசு இல்லையேம்மா, சிரிச்சிண்டுன்னா இருக்கே" என்றார். அவளும் எட்டிப் பார்த்தாள். தன் கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது போல இருந்தது.

காருக்கு ஓடினேன். போன வாரம் ஏரிக்கரையில் படம் எடுத்துவிட்டு அப்படியே பின்சீட்டில் போட்டிருந்த கேமரா, ஃபில்டரைக்கூடக் கழற்றவில்லை. கார்டில் எதையும் அழிக்காத சோம்பேறி நான், அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. அங்கிள் வீட்டுப் பெரிய டிவியில் கேபிளைச் செருகி அந்த டெஸ்ட் ஷாட்டைப் போட்டேன். நீலப்பூ, பச்சைப் புல், சுவர் அகலத்துக்கு அவள் முகம், கண்ணுக்குக் கீழே அந்த நாவல்பழம். தோளில் அவன் விரல்கள். ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டார்.

அங்கிள் தொண்டையைச் செருமினார். "சரி. தம்பி, சாரி சொல்லுங்க. இனிமே கை நீட்ட மாட்டேன்னு சொல்லுங்க. நீ இந்தப் போட்டோவ இங்கயே டெலீட் பண்ணிடும்மா. வெளிய போனா ரெண்டு பேர் வாழ்க்கையும் போயிடும்."

"ஒங்க மகளா இருந்தா டெலீட் பண்ணுவீங்களா அங்கிள்? வாயத் தொறந்து சொல்லுங்க!"

அதற்குள் அவன் கேமராமேல் பாய்ந்தான். கேபிள் அறுந்து டிவி கருத்தது. நான் வாரைப் பிடித்துக்கொண்டேன், அவன் என்னையும் சேர்த்துத் தரையில் இழுத்தான். யாரும் நினைக்காத விதமாக அவள் எழுந்து வந்து குறுக்கே நின்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் புறங்கையால் ஓங்கி அறைந்தான். கல்யாண மோதிரம் அவள் உதட்டைக் கிழித்துவிட்டது. கேசரித் தட்டில் ரத்தம் தெறித்தது. நான் அவன் முழங்காலில் எட்டி உதைத்தேன், இன்றுவரை எனக்கு அதில் வருத்தமே கிடையாது. அவன் மடங்கி விழுந்ததும் என் கணவர் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவன் சொன்ன கெட்ட வார்த்தைகள் எல்லாம் கார்பெட்டுக்குள் போயின.

"போலீஸ் மட்டும் வேண்டாம், போலீஸ் மட்டும் வேண்டாம்" என்று அங்கிள் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் மேஜையில் கிடந்த அவருடைய போனையே எடுத்து எண்களை அழுத்தினாள். "மை ஹஸ்பண்ட் ஹிட் மீ" என்றாள். மறுமுனையில் ஏதோ கேட்டார்கள் போல. "நாட் ஃபர்ஸ்ட் டைம்" என்றாள். முகவரியை ஆன்ட்டிதான் சொன்னார்.

அப்புறம் அவள் என் பக்கம் திரும்பி, ஜன்னல் வெளிச்சத்தில் நிமிர்ந்து நின்றாள். தாடையில் வழிந்த ரத்தத்தைத் துடைக்க ஆன்ட்டி நீட்டிய டிஷ்யூவை வாங்கவில்லை.

"ஒரு போட்டோ எடுங்க்கா. அந்தக் கருப்புக் கண்ணாடியக் கழட்டிட்டு எடுங்க."

கழற்றினேன்.